முன்னூறு கிரெய்ன்

தும்பிக்கோம்பையில் ஒரு தோட்டா பத்து மாத காலம் தெருவோடு நடந்து போனது என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் முதலில் கேட்பது அது எப்படி என்றுதான். எங்கள் ஊர்க்காரர்கள் அந்தப் பத்து மாதத்தில் ஒரு தடவைகூடக் கேட்காத கேள்வி அது ஒன்றுதான். நாங்கள் கேட்டதெல்லாம் இன்றைக்கு எதுவரை வந்திருக்கிறது, நாளைக்கு யார் கண்ணில் முதலில் படும், அதன் மேல் ஈரத்துணி காயப்போடலாமா, போட்டால் துரு பிடிக்குமா என்பது மாதிரி, குடும்பம் நடத்துகிறவர்கள் கேட்கிற கேள்விகள்.

ஜமீன்களை எல்லாம் சர்க்கார் எடுத்துக்கொள்ளப் போகிறது என்று பேப்பரில் வந்த வருஷம் அது. பேப்பர் எங்கள் ஊருக்கு மூன்று நாள் பிந்தி வரும். அரண்மனைக்கு அந்தச் செய்தி உறைக்க மூன்று மாதம் ஆயிற்று. உறைத்த அன்று தும்பிக்கோம்பை ஜமீன்தார் கெஜசிங்கத் துரை கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து, நிலம் போகிறதே, நீர்ப்பாசனம் போகிறதே, ஆயிரத்துச் சொச்சம் குடிகள் இனி யாரைப் பார்த்துத் துண்டை இடுப்பில் கட்டுவார்கள் என்றெல்லாம் கவலைப்படாமல், தலைக்கு மேலே இருந்த சுவரை அண்ணாந்து பார்த்துக் கண் கலங்கினார். அந்தச் சுவரில் நாலு கடமான் தலை, இரண்டு கரடித் தலை, துரையின் அப்பா சுட்டதாக அவரே சொல்லிக்கொண்ட ஒரு புலித்தலை எல்லாம் வரிசையாக இருந்தன. அவற்றுக்கு நட்டநடுவில், ஒரு காட்டுமாட்டுத் தலைக்கென்று அப்பா அடித்துவைத்துவிட்டுச் செத்துப்போன ஆணி ஒன்று, முப்பது வருஷமாக எதுவும் மாட்டப்படாமல் நீட்டிக்கொண்டிருந்தது. ஜமீன் போகலாம், அந்த ஆணி மட்டும் காலியாகப் போய்விடக் கூடாது என்று துரை அன்றைக்கு முடிவு செய்தார்.

காட்டுமாட்டைத் தேடி மலையேற வேண்டிய அவசியம்கூட அவருக்கு இல்லை. ஊருக்குக் கீழ்க்கோடியில் பாழடைந்து கிடந்த பழைய உப்புக் கிட்டங்கியின் சுவரை நக்குவதற்கென்று, ஆறடி உயரத்தில், கன்னங்கரேல் என்று, முழங்காலுக்குக் கீழே மட்டும் வெள்ளையாக ஒரு கிடா தினமும் காலையில் இறங்கி வரும். சாவகாசமாக நக்கும், எட்டு மணிக்கு மேல் ஏறிப் போய்விடும். அது யாரையும் முட்டியதில்லை. கிட்டங்கிக்கு அந்தப் பக்கம் குடியிருந்த ஒச்சம்மா, வாசல் தெளிக்கும்போது அது குறுக்கே நின்றால், "அங்கிட்டுப் போ சாமி" என்பாள், அதுவும் போகும்.

இந்த ஒச்சம்மாவின் புருஷன் மொக்கையன் அரண்மனை வேட்டைக்குத் தடம் பார்த்துக் கொடுத்தவன். எட்டு வருஷத்துக்கு முன்னால் துரை ஒரு ஒற்றை யானையைச் சுடப் போனபோது, கனமான தோட்டா தோளை இடிக்கிறது என்று சொல்லி, மானுக்குப் போடுகிற லேசான தோட்டாவைப் போட்டுச் சுட்டார். யானைக்கு அது கொசுக்கடி. கோபம் மட்டும் யானைக்குத் தக்க அளவில் வந்தது. துரை மரத்தில் இருந்தார், மொக்கையன் தரையில் இருந்தான். இடுப்பு நொறுங்கி அன்றைக்குக் கட்டிலில் படுத்தவன்தான். அரண்மனை அவனுக்கு ஒரு பட்டுத்துண்டு போர்த்தி, போட்டோ எடுத்து, அந்தப் போட்டோவையும் அரண்மனையிலேயே வைத்துக்கொண்டது.

ஆகவே இந்தத் தடவை தோட்டாவின் கனத்தைத் தீர்மானிக்கவென்றே ஒரு சபை கூட்டப்பட்டது. அரண்மனை ரைபிளுக்கு மூன்று கனத்தில் தோட்டா உண்டு: இருநூற்று முப்பத்தைந்து கிரெய்ன், இருநூற்று எழுபது, முன்னூறு. சின்னதுக்கும் பெரியதுக்கும் வித்தியாசம் நம் கணக்கில் அரைப் பவுன்தான் இருக்கும். அந்த அரைப் பவுனுக்காகத் திவான் சுப்புரத்தினமும், அரண்மனை ஜோசியரும், மதுரையிலிருந்து வரவழைக்கப்பட்ட போட்டோக்காரரும் பதினொரு நாள் உட்கார்ந்து, பதினொரு நாளும் இலை போட்டுச் சாப்பிட்டுப் பேசினார்கள். மூன்று பேரில் ஒருவரும் ஒரு காக்காயைக்கூடச் சுட்டதில்லை. இருநூற்று முப்பத்தைந்தை யானையைச் சுட்ட அன்றோடு விலக்கிவிட்டார்கள். எழுபது நல்லதுதான், ஆனால் அதைத்தான் பக்கத்து ஜமீன்தார் போட்டுக் காட்டுமாடு சுட்டார். அவர் போட்டதையே துரையும் போட்டால் மரியாதை என்ன ஆவது என்றார் திவான். முன்னூறு மூன்றாம் எண், குரு பலம் என்றார் ஜோசியர். தோட்டா எதுவானாலும் தனக்குச் சம்மதம், துரை கிழக்கே நின்று மேற்கே பார்த்துச் சுட வேண்டும், அப்போதுதான் காலை வெயில் மாட்டின் மேல் விழுந்து படம் துல்லியமாக வரும் என்றார் போட்டோக்காரர். அறிவாளிகள் மூன்று பேர் ஒன்றாகச் சேர்ந்து ஒரு முடிவுக்கு வந்துவிட்டால் அதற்கப்புறம் விஷயம் தெரிந்தவனைக் கேட்பது சும்மா ஒரு சடங்கு. அந்தச் சடங்கை முடிக்கத் திவான், மீரான் ராவுத்தர் கடைக்குப் போனார்.

மீரான் ராவுத்தர் லைசென்ஸ் உள்ள தோட்டாக் கடைக்காரர். ஆசாரிகள் வைத்திருக்கிற மாதிரி ஒரு சின்னத் தராசு வைத்து, ஒவ்வொரு குண்டையும் நிறுத்துப் பார்த்துத்தான் கொடுப்பார். என்ன மிருகம் என்று முதலில் கேட்க மாட்டார். வருகிறவர் யாராக இருந்தாலும் அவர் கேட்காமல் விடாத கேள்வி ஒன்றுதான்: மிருகத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது? அதற்குப் பதில் வராமல் பெட்டியைத் திறக்க மாட்டார்.

"முன்னூறு கிரெய்ன், முழு உறை போட்டது, அஞ்சு எடும்" என்றார் திவான்.

"மாடு எங்க நிக்குதுங்கய்யா?"

"கிட்டங்கிச் சுவத்துக்கிட்ட."

"அதுக்குப் பின்னால என்ன இருக்கு?"

"மாட்டுக்குப் பின்னால மாட்டோட வாலு இருக்கும். தோட்டாவை எடும்யா."

"அப்படி இல்லீங்க" என்று ராவுத்தர் இரண்டு குண்டுகளை எடுத்து மேஜைமேல் நிறுத்தினார். ஒன்றுக்கு மூக்கு ஈயமாக, மங்கிய சாம்பல் நிறத்தில் தெரிந்தது. மற்றது உச்சி முதல் அடிவரை உறை போட்டு மினுமினுத்தது. "கனம் பாதி விஷயம்னா மூக்கு பாதி விஷயம். இது எழுபது, ஈய மூக்கு. மாட்டுக்குள்ள போனதும் குடை மாதிரி விரியும், அங்கேயே நின்னுரும், மாடும் விழுந்துரும். இது நீங்க கேக்குற முன்னூறு. எங்கயும் விரியாது. யானை மண்டைக்குன்னே செஞ்சது. மாட்டுல இங்கிட்டு நுழைஞ்சு அங்கிட்டு வந்துரும். வந்ததுக்கப்புறம் அது யாருடையதுன்னு அதுக்கே தெரியாது. அதனாலதான் கேக்குறேன், பின்னால என்ன இருக்கு?"

திவான் இதற்கென்றே கொண்டுவந்திருந்த ஜமீன் வரைபடத்தை விரித்தார். உப்புக் கிட்டங்கி இருந்தது. அதற்கு மேற்கே, ஒச்சம்மா இருபது வருஷமாக அடுப்பெரித்துக்கொண்டிருந்த இடத்தில், மஞ்சள் மை தடவி, காலிமனை, அரண்மனைக்குச் சொந்தம் என்று எழுதியிருந்தது. "பாத்துக்கும். ஒண்ணுமில்லை" என்றார்.

"மொக்கையன் வீடு இருக்கேங்கய்யா."

"படத்துல இருக்கா?"

"படத்துல இல்லீங்க."

"அப்ப இல்லை."

லைசென்ஸ் புதுப்பிக்கிற கையெழுத்து அரண்மனை வழியாகத்தான் வர வேண்டும். ராவுத்தர் ஐந்தையும் நிறுத்துக் கொடுத்தார். அன்றைக்கு முழுவதும் அவர் சாப்பிடவில்லை என்று சொல்வார்கள், ஆனாலும் கொடுத்துவிட்டார்.

குறித்த நாளில் துரை, ஜோசியர் சொன்ன நேரத்தில், போட்டோக்காரர் சொன்ன திசையில் நிற்க வேண்டும் என்பதற்காக, மெத்தைமாடியிலிருந்து பார்த்தாலே தெரிகிற மாட்டைச் சுட, காரில் ஏறி, கண்மாய்க்கரையைச் சுற்றி, பதினெட்டு மைல் வளைந்து, கிட்டங்கிக்குக் கிழக்கே கட்டியிருந்த குட்டைப் பரணில் போய் ஏறினார். மாடு சுவரை நக்கிக்கொண்டிருந்தது. துரை சுட்டார். போட்டோவும் எடுக்கப்பட்டது, அதில் துரை இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டிருக்கிறார். குண்டு மாட்டின் ஒரு விலாவில் நுழைந்து மறு விலாவில் வந்ததைப் பரணில் இருந்த எல்லோரும் பார்த்தார்கள். மாடு மட்டும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. அது நக்கி முடித்துவிட்டு, எட்டு மணி ஆனதும் வழக்கம்போல மலையேறிப் போயிற்று. மறுநாள் காலையிலும் வந்தது.

தோட்டாவை முதலில் பார்த்தவள் ஒச்சம்மா. கிட்டங்கிச் சுவருக்கு ஒரு முழம் இந்தப் பக்கம், நெஞ்சு உயரத்தில், தேனீ மாதிரி ரீங்காரம் போட்டுக்கொண்டு, தன்னைத்தானே சுற்றிக்கொண்டு, அது அந்தரத்தில் நின்றது. அவள் தண்ணீர்க்குடத்தை இறக்கி வைத்துவிட்டு, வழி தப்பி வந்த கன்றுக்குட்டிக்குச் சொல்லி அனுப்புகிற மாதிரி, "தொரை சுட்டது இங்கன நிக்குது, வந்து எடுத்துக்கச் சொல்லுங்க" என்று அரண்மனைக்குச் சொல்லியனுப்பினாள். விட்ட தோட்டாவைத் திரும்ப வாங்கிக்கொள்கிற வழக்கம் ஜமீனில் இல்லை என்று பதில் வந்தது.

ராவுத்தர் ஓடி வந்தார். பின்னாலிருந்து தொட்டார், சூடு இல்லை. பக்கவாட்டில் தன் குடையை மாட்டினார், தொங்கியது. அப்புறம் ஒரு சிரட்டையைக் கம்பு நுனியில் வைத்து முன்னால் நீட்டினார். சிரட்டையும் கம்பில் பாதியும் போன இடம் தெரியவில்லை. வேகம் எங்கேயும் போகவில்லை, வேண்டிய சமயத்துக்கென்று வைத்திருக்கிறது என்றார் அவர். மூன்று நாள் வந்து அளந்து பார்த்து, நாளைக்கு ஒரு முழம் நகர்கிறது என்று கண்டுபிடித்தார். அதன் பின்னால் குந்தி, ஒற்றைக் கண்ணை மூடி, அது போகிற திசையைப் பார்த்தார். நேராக ஒச்சம்மா வீட்டு வாசல். தொண்ணூறு முழம் இருந்தது.

"தொண்ணூறு நாள் இருக்கு தாயி. அதுக்குள்ள வேற எங்கிட்டாச்சும் போயிருங்க" என்றார். சொல்லும்போது அவளைப் பார்க்க அவரால் முடியவில்லை.

போவதற்கு ஒச்சம்மாவுக்கு ஒரு தடை இருந்தது. அதே வாரம்தான் தண்டோராக்காரன் வந்து, செட்டில்மெண்ட் ஆபீசர் வரப்போகிறார், வருகிற அன்றைக்கு எந்த வீட்டில் யார் அடுப்பெரிகிறதோ அவர்கள் பேரில் அந்த இடத்துக்குப் பட்டா, பூட்டிக் கிடந்தால் காலி என்று எழுதிச் சர்க்கார் எடுத்துக்கொள்ளும் என்று கொட்டிவிட்டுப் போயிருந்தான். எந்த வாரம், எந்த மாசம் என்று அவனும் சொல்லவில்லை, சர்க்காரும் அவனிடம் சொல்லவில்லை. அவள் போனால், அவள் போன மறுநாள் ஆபீசர் வந்தால், வரைபடம் சொன்னது மெய்யாகிவிடும். எழுந்து நடக்க முடியாத புருஷனைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு அவள் யார் வீட்டுத் தாழ்வாரத்தில் போய்க் கிடப்பாள்? ஒச்சம்மாவுக்குப் பயம்தான். ஒரு பக்கம் ஒரு நாள் தவறாமல் நகர்ந்து வருகிற தோட்டா, இன்னொரு பக்கம் எப்போது வருவார் என்றே தெரியாத ஆபீசர். இரண்டில் எது முந்தும் என்று அவளுக்குத் தெரியவில்லை; எந்தத் தோட்டாவும் சர்க்காரைவிட வேகம் என்பது மட்டும் தெரிந்தது.

ஊர் தோட்டாவோடு பழகிக்கொண்டது. முதல் வாரம் எல்லோரும் கும்பிட்டார்கள். இரண்டாம் வாரம் யாரோ சந்தனம் வைத்தார்கள், மூன்றாம் வாரம் காய்கறிக்காரி தன் தராசை அதில் மாட்டினாள், ஆணியில் மாட்டுவதைவிட அதில் முள் சரியாக நிற்கிறது என்று அவளுக்கு வியாபாரம் கூடிற்று. நாவிதர் தன் கண்ணாடியை அதில் தொங்கவிட்டு, தினமும் ஒரு முழம் தள்ளி மனையைப் போட்டார். டீக்கடைக்காரர் பெஞ்சையும் பாய்லரையும் தினமும் ஒரு முழம் நகர்த்திக்கொண்டே வந்ததில், கடையைத் தேடி வருகிறவர்கள் முதலில் தோட்டா எங்கே என்று விசாரிக்க வேண்டியதாயிற்று. அது ஏகாதிபத்தியத் தோட்டா என்று ஒரு கட்சியும், ஏழைகளைத் தொடாமல் மரியாதையாக வருகிற சுதேசித் தோட்டா என்று இன்னொரு கட்சியும் கூட்டம் போட்டு, இரண்டு கட்சியும் அதிலேயே கொடி கட்டின. நிற்காமல் முன்னேறுகிறது என்பதால் பரீட்சைக்குப் போகிறவர்களும், என்றைக்காவது ஒருநாள் போய்ச் சேரும் என்பதால் கோர்ட்டில் வழக்கு நடத்துகிறவர்களும் அதற்கு நேர்ந்துகொண்டார்கள். பஞ்சாயத்து ஒரு பலகை வைத்தது: பின்னால் வா, பக்கத்தில் வா, முன்னால் வராதே. அரண்மனைக்கு எதிரே நடந்துகொள்ள வேண்டிய முறை நேர் எதிர்மாறானது என்பதால் ஜனங்கள் இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருக்கக் கொஞ்சம் சிரமப்பட்டார்கள். வழியில் நின்ற முருங்கை மரத்தை அது துளைத்துச் சாய்த்தபோது ஊரே கீரை பறித்துக்கொண்டு போயிற்று. முருங்கை விழுந்த வாரம் பிறந்த பிள்ளை, தோட்டா களத்தைத் தாண்டின அன்று செத்த மாமியார் என்று தேதி சொல்லவும் ஆரம்பித்துவிட்டார்கள்.

யாரும் கெட்டவர்கள் இல்லை. தராசு மாட்டினவள் ஒச்சம்மாவுக்கு ஒரு கை கத்தரிக்காய் கூடப் போட்டாள். நாவிதர் மொக்கையனுக்குச் சும்மா சவரம் செய்துவிட்டார். "பாவம், உன் வீட்டுக்குல்ல போகுது" என்று சொல்லிக்கொண்டே அவரவர் துணியை அதில் காயப்போட்டார்கள்.

எண்பதாம் நாள் ஒச்சம்மா அடுப்பு முன்னால் உட்கார்ந்து அழுதுவிட்டாள். "இந்த மண் சொவரு ஒரு நொடி தாங்குமா? சொவரு போச்சுன்னா கூரை போச்சு. கூரை இல்லாத எடத்தை வீடுன்னு எந்த ஆபீசரு எழுதுவான்?" என்றாள்.

கட்டிலில் கிடந்த மொக்கையன், எத்தனையோ மிருகம் வந்த வழியையும் போகிற வழியையும் பார்த்தவன், சொன்னான்: "காட்டுல ஆனை வரும்போது நாம என்ன செய்வோம்? வழியை மறிப்போமா? விலகி வழி விடுவோம். இதுவும் வழியோட போற சாமானுதான். வாசக்கதவைத் தொறந்து வையி, உள்ள வரும். பின்செவுத்துல நெஞ்சு ஒசரத்துக்கு ஒரு சன்னல் வெட்டிரு, வெளிய போயிரும். வீடு நிக்கும்."

மறுநாள் அவள் கடப்பாரையால் பின்சுவரை இடித்து ஒரு முழச் சதுரத்துக்குச் சன்னல் வெட்டினாள். அந்தச் சுவரில் அதுவரை ஒரு துவாரம் இருந்ததில்லை. முதல் தடவையாகத் தன் வீட்டுக்குப் பின்பக்கத்தை அதன் வழியாகப் பார்த்தவள், பார்த்தபடியே நின்றாள். "ஏங்க" என்றாள். "என்ன தெரியுது?" என்றான் மொக்கையன். தெரிந்துகொண்டுதான் கேட்டான். கேட்கும்போதே அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இடுப்பு ஒடிந்ததிலிருந்து அவன் சிரித்ததில்லை, சிரித்தால் வலிக்கும். அன்றைக்கு வலியோடு சிரித்தான்.

தொண்ணூறாம் நாள் தோட்டா வாசலுக்கு வந்தது. ஒச்சம்மா கோலத்தைக் கொஞ்சம் தள்ளிப் போட்டிருந்தாள். அது நிலைப்படியில் இடிக்காமல் உள்ளே நுழைந்தது. வீடு ஒன்பது முழம், ஒன்பது நாள் தங்கிற்று. அவள் அதற்குப் பக்கவாட்டில் உட்கார்ந்து சமைத்தாள், அதன் முன்னால் எதுவும் வைக்காமல் பார்த்துக்கொண்டாள், மொக்கையனின் கட்டிலை ஓரமாக இழுத்தாள், உறியை அதில் மாட்டினாள். எந்த உறவினரும் அவள் வீட்டில் இவ்வளவு ஒழுங்காகத் தங்கியதில்லை. ராவுத்தர் தினமும் வந்து வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போவார். ஐந்தாம் நாள் அவர் தயங்கி உள்ளே வந்து, தோட்டாவுக்குப் பின்னால் குந்தி, ஒற்றைக் கண்ணை மூடி, சன்னல் வழியாகப் பார்த்தார். பார்த்துவிட்டு நேரே திவானிடம் போனார்.

"அய்யா, நான் அன்னைக்கு ஒரு கேள்விதான் கேட்டேன். இன்னொண்ணும் கேட்டிருக்கணும். அந்த ஒண்ணுமில்லாததுக்குப் பின்னால என்ன இருக்கு?"

திவான் வரைபடத்தை விரித்தார். கிட்டங்கி, மஞ்சள் மை, அதற்கு மேற்கே இருநூறு முழத்தில், சிவப்பு மையில், பெரிய எழுத்தில், அரண்மனை. ராவுத்தர் நூல் பிடித்துப் பார்த்துவிட்டே வந்திருந்தார். கூடத்து மேற்குச் சுவர், தலைகளின் வரிசை, நடுவில் காலி ஆணி, ஆணிக்கு நேர் கீழே துரையின் நாற்காலி.

எட்டு வருஷமாக அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காத திவான், கால் மணி நேரத்தில் ஒச்சம்மா வீட்டு வாசலில் வந்து நின்றார். மூச்சு வாங்கியது.

"ஏத்தா, அந்தச் சன்னலை இப்பவே அடை. வாசக் கதவைச் சாத்து. இங்கேயே வெடிச்சு அடங்கிரட்டும்."

"எந்தக் கதவைங்கய்யா?"

"உன் வீட்டுக் கதவைத்தான்."

"என் வீடுங்களா?" ஒச்சம்மா முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். "இங்க ஒண்ணுமில்லன்னு நீங்கதான ராவுத்தருகிட்டப் படம் காட்டிச் சொன்னீங்க? ஒண்ணுமில்லாத எடத்துக்கு ஏதுங்கய்யா கதவு? இது வீடு, இதுல ஒச்சம்மா குடியிருக்கான்னு அந்தப் படத்துல எழுதிக் குடுங்க. இருக்குற கதவையெல்லாம் சாத்துறேன்."

திவான் பேனாவை எடுத்தார். திறந்தார். எழுதினால் அந்த ஒன்பது முழ மண்ணும், அதைச் சுற்றி மஞ்சள் மை தடவிய ஒண்ணேகால் ஏக்கரும் அரண்மனையின் கையை விட்டுப் போகும். எழுதாவிட்டால் அரண்மனைக் கூடம் போகும். அதற்கு இன்னும் இருநூறு நாள் இருந்தது. மனைக்கு அன்றைக்கே கையெழுத்துப் போட வேண்டும். பரம்பரை பரம்பரையாக ஜமீன் நடத்தினவர்களுக்கு இந்தக் கணக்கில் சந்தேகமே வந்ததில்லை. திவான் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு திரும்பிப் போனார்.

பத்தாம் நாள் தோட்டா சன்னல் வழியாக வெளியே போயிற்று. உறியைக் கழற்றும்போது ஒச்சம்மாவுக்கு என்னவோ போல் இருந்தது என்று அவளே பிற்பாடு ஒத்துக்கொண்டாள். வீடு நின்றது.

அதற்கப்புறம் பேச்சு அரண்மனையைப் பற்றியதாக மாறிவிட்டது. துரை முதலில் தைரியமாகத்தான் இருந்தார். நாற்காலியைக் கூடத்தின் வடகோடிக்கு மாற்றினார். தோட்டாவின் முன்னால் மணல்மூட்டை அடுக்கினார்கள், அது ஒவ்வொன்றாகத் துளைத்துக்கொண்டு வந்தது. இரும்புக் கதவு போட்டார்கள். முன்னூறு கிரெய்ன், முழு உறை, யானை மண்டைக்கென்றே செய்தது, விரியாது என்று ராவுத்தர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் அதற்கும் பொருந்திற்று. ஈய மூக்காக இருந்தால் முதல் மூட்டையிலேயே அடங்கியிருக்கும் என்று ராவுத்தர் கேட்டவர்களிடமெல்லாம் சொன்னார். பக்கத்து ஜமீன்தார், தான் எழுபது போட்டதாகவும், தனக்கு ஒரு தொந்தரவும் இல்லை என்றும் கடிதம் எழுதினார்.

தோட்டா அரண்மனை மதிலுக்கு இருபது முழம் இருக்கும்போது துரைக்குத் திடீரென்று பக்தி வந்தது. காசிக்குத் தீர்த்த யாத்திரை புறப்பட்டார். ராணியம்மா துரைக்குத் துணையாகப் போனார்கள், திவான் ராணியம்மாவுக்கு ஒத்தாசையாகப் போனார், ஜோசியர் நல்ல நேரம் பார்க்கப் போனார், காவல்காரர்கள் இவர்களுக்கெல்லாம் காவலாகப் போனார்கள். சமையல்காரர் மட்டும் இரண்டு நாள் இருந்தார். அப்புறம் யாருக்கு என்று சமைப்பது என அவரும் அடுப்பை அணைத்து, பெரிய கதவைப் பூட்டி, சாவியைக் கிணற்றடிப் பிள்ளையார் காலடியில் வைத்துவிட்டுப் போனார். போகும்போது எல்லோரும் ஊர் எல்லை வரை திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். அரண்மனையைப் பார்த்தார்களா, தோட்டாவைப் பார்த்தார்களா என்று தெரியவில்லை.

அதற்கு ஒரு மாதம் கழித்து, யாரும் எதிர்பாராத ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், செட்டில்மெண்ட் ஆபீசர் வந்தார்.

ஒல்லியான மனிதர், வெயிலில் கறுத்தவர், சட்டத்தை எழுத்துக்கு எழுத்து படிக்கிறவர். சங்கிலி பிடிக்க இரண்டு ஆட்கள், எழுத ஒரு தடிமனான புத்தகம். வீடு வீடாகப் போய், அடுப்பு எரிகிறதா என்று சாம்பலைத் தொட்டுப் பார்த்து எழுதிக்கொண்டே வந்தவர், ஒச்சம்மா வீட்டுக்கு வந்தபோது காட்டுமாடு கிட்டங்கிச் சுவரை நக்கிக்கொண்டிருந்தது. அவர் அதையும் குறித்துக்கொண்டார். உள்ளே வந்து அடுப்பைப் பார்த்தார், சோறு கொதித்தது. கட்டிலைப் பார்த்தார், மொக்கையன் கும்பிட்டான். சன்னலைப் பார்த்தார்.

"எத்தனை வருஷமா இருக்கீங்க?"

"இருவது வருசமுங்க. எங்க கண்ணாலத்தன்னைக்குப் போட்ட அடுப்புங்க இது."

ஆபீசர் அவள் பெயரை எழுதினார், அவன் பெயரை எழுதினார், சங்கிலி பிடித்து ஒன்பது முழத்தையும் சுற்றி இருந்த இடத்தையும் அளந்து எழுதினார். ஒச்சம்மா பேனா முனையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து மாதமாகத் தன்னைக் கடந்து போன எதையும் அவள் அவ்வளவு உற்றுப் பார்த்ததில்லை.

"நாலு எல்லையும் சொல்லும்மா. கிழக்கே?"

"உப்புக் கிட்டங்கிங்க. மாடு நக்குற சொவரு."

"தெற்கே?"

"வாய்க்காலுங்க."

"வடக்கே?"

"வண்டிப்பாதை."

"மேற்கே? வீட்டுக்குப் பின்னால என்ன இருக்கு?"

ஒச்சம்மா சன்னல் வழியாகப் பார்த்தாள். மதில் நின்றது, மதிலுக்குள் கூடம் நின்றது, மெத்தைமாடி நின்றது, பெரிய கதவில் பூட்டு தொங்கிற்று, புகைபோக்கியில் மைனா கூடு கட்டிக்கொண்டிருந்தது. கிழக்கு மதிலில் ஒரு புதுத் துவாரம் தெரிந்தது. தோட்டா உள்ளே போய்ப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகியிருக்கும். அவள் ஆபீசரைப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்லீங்க" என்றாள்.

ஆபீசர் வாய்ச்சொல்லை நம்பி எழுதுகிறவர் இல்லை. தானே நடந்து போனார், கதவைத் தட்டினார், மூன்று தடவை கூப்பிட்டார், சுற்றி வந்து சமையல்கட்டுச் சன்னலில் கைவிட்டு அடுப்புச் சாம்பலைத் தொட்டார். குளிர்ந்திருந்தது. திரும்பி வந்து, கட்டிலின் ஓரத்தில் புத்தகத்தை வைத்து, மேற்கே: காலி, ஒன்றுமில்லை, சர்க்காருக்குச் சேர்ந்தது என்று தெளிவாக எழுதி, மை காய ஊதி, முத்திரையைக் குத்தி, பட்டாக் காகிதத்தை அவளிடம் கொடுத்தார்.

அப்போதுதான் அரண்மனைக் கூடத்திலிருந்து டுமீல் என்று அந்தச் சத்தம் வந்தது. மைனாக்கள் கலைந்தன. ஏதோ கனமானவை ஒன்றன்பின் ஒன்றாகத் தரையில் விழுவது கேட்டது. ஆபீசர் திடுக்கிட்டுப் பேனாவைத் தவறவிட்டார். "என்னம்மா அது?"

ஒச்சம்மா பட்டாக் காகிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டிருந்தாள். மொக்கையன்தான் கட்டிலிலிருந்து பதில் சொன்னான்.

"தொரை சுட்டதுங்க. இப்பத்தான் பட்டிருக்கு."